தொழுகை இல்லாத நாட்களின் வாசனை

1

போன வெள்ளிக்கிழமை நான் வேலை செய்யும் கடையின் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி கைநழுவி விழுந்தது. உள்ளே இருந்த சென்ட் போத்தல்களில் ஒன்று உடைந்துவிட்டது. பாரிஸ் நகரத்துப் பெரிய கடைத்தொகுதி அது. மேலே கண்ணாடியும் வெளிச்சமும், கீழே நாங்கள். லொறியில் வருகிற பெட்டிகளை இறக்கி, பிரித்து, மேலே அனுப்புவதுதான் எங்கள் வேலை. மே மாதம் இங்கே அன்னையர் தினம் என்று ஒன்று வரும். பிள்ளைகள் தாய்மாருக்கு வாசனைத் திரவியம் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். அதனால் அந்த மாதம் முழுவதும் எங்களுக்கு முதுகு நிமிராது.

உடைந்த கண்ணாடியை நான்தான் கூட்டி அள்ளினேன். சட்டைக் கையிலும் காற்சட்டையின் முழங்காலிலும் சென்ட் ஊறிவிட்டது. எந்த சென்ட் என்று பெட்டியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த மணத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். மெத்ரோவில் யாராவது ஒரு பெண் அதைப் பூசிக்கொண்டு ஏறினால் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுகிறவன் நான். அன்று மாறுவதற்கு வழியில்லை. நானேதான் மணத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தாள் என் மனைவி ஸுலைஹா. திறந்தவள் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு, "இஞ்சாருங்க, அந்த உடுப்ப வாசல்லயே கழட்டுங்க. சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவோணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். பிரான்ஸில் இருக்கிறவன் மேலே சென்ட் மணக்காமல் நெத்தலியா மணக்கும் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வருகிற ஒவ்வொரு முறையும் சந்தையில் கேட்கிறீர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் கேட்கிறீர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாதவர் கூடக் கேட்கிறார். இனியாவது கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பெண்களின் விஷயத்தை ஆண்பிள்ளை எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஸுலைஹாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க. கேக்கிறவங்களுக்கு வெக்கமில்ல, நமக்கென்னத்துக்கு வெக்கம்?" என்றாள்.

2

எங்கள் கலியாணம் எழுபத்தெட்டில் சூறாவளி வந்ததற்கு அடுத்த வருஷம் நடந்தது. நான் கல்முனைக்குடி, அவள் நிந்தவூர். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையாகிய நான்தான் பெண் வீட்டுக்குப் போனேன். சூறாவளி பிய்த்தெறிந்த கூரையை மாமா புதிதாகப் போட்டு, வீட்டை மகள் பெயரில் எழுதியிருந்தார். மாமி முதல் நாளே எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த வளவு, மகன். நான் ஸுலைஹாக்குக் குடுத்திட்டன். அவள் அவள்ட மகளுக்குக் குடுப்பாள்."

அந்த மகள் பிறக்கவே இல்லை. ஆனால் அன்றைக்கே அவளுக்கு ஒரு வீடு தயாராக இருந்தது. நம் ஊரில் பெண்பிள்ளை இல்லாத பெண்ணின் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மாமிக்கு அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை.

நான் முதலில் பிரான்ஸுக்கு வந்து, காகிதமெல்லாம் சரியான பிறகு ஸுலைஹாவை அழைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை வதிவிட அட்டை புதுப்பிக்கப் போகும்போதும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் பெயர், பிறந்த ஊர், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தலையைத் தூக்காமல் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பாள். நான் பிரெஞ்சில் முதலில் ஒழுங்காகச் சொல்லப் பழகிய பதில் அதுதான். ஊர்க்காரர்களும் பிரெஞ்சு அரசாங்கமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்தக் கேள்வி.

ஸுலைஹா வந்த முதல் வருஷக் கலியாண நாளுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று நினைத்தேன். மேல் தளத்தில் வாசனைத் திரவியம் விற்கும் ஒடில் என்ற பெண் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பவள். அவளிடம் போத்தல்களைக் காட்டி, மனைவிக்கு, மனைவிக்கு என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அவள் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு பூவாசனைச் சென்ட்டை ஒரு காகிதக் கீற்றில் தெளித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள். இப்போது முடிவு செய்யாதே, வேலை முடிந்த பிறகு வா என்று கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாள்.

நமக்குத் தெரிந்தது அத்தர். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்து தருகிற விரல் உயரக் குப்பி. காலையில் என்ன மணமோ இரவிலும் அதே மணம். இது அப்படியில்லை. தெளித்த உடனே தோடம்பழத் தோலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிழிந்த மாதிரி ஒரு கார்ப்பு, அதோடு சுடச்சுட இஸ்திரி போட்ட துணியின் மணம். எனக்குப் பிடிக்கவேயில்லை. பகல் சாப்பாட்டு நேரம் சட்டைப் பையைக் குனிந்து மோந்தால் அது போயிருந்தது. மல்லிகை வந்திருந்தது. மல்லிகையோடு ரோசா, அதோடு எனக்குப் பெயர் தெரியாத, இந்த நாட்டில் மே மாதம் தெருவில் விற்கிற சின்ன வெள்ளைப் பூ. வேலை முடிகிறபோது பூக்களும் தளர்ந்து, சந்தனமும் கொஞ்சம் கஸ்தூரியும் மட்டும் மிஞ்சியிருந்தன. பிறகு ஒடில் எனக்குக் கையால் விளக்கினாள். முதலாவது பறந்து போய்விடும். இரண்டாவதுதான் அதன் நெஞ்சு. மூன்றாவது தோலோடு ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை இருக்கும். நான் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனேன்.

ஸுலைஹா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அடுத்த நிமிஷம் மூடியை மூடிவிட்டாள்.

"இதுல சாராயமெல்லோ கலந்திரிக்கி. இதப் பூசிட்டு எப்படித் தொழுற?"

3

ஊரில் மாமா இரண்டு மௌலவிமாரிடம் கேட்டுச் சொன்னார். ஒருவர் கூடும் என்றார், மற்றவர் கூடாது என்றார். எங்கள் பேட்டையில் தொழுகை நடத்தும் மொரோக்கோ நாட்டுக்காரர் அதெல்லாம் பரவாயில்லை என்று சிரித்தார். ஸுலைஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் பாட்டில் ஒரு தீர்ப்பு எடுத்தாள். சந்தேகமான சாமானைப் பூசிக்கொண்டு தொழ மாட்டாள். புருஷன் ஆசையாக வாங்கித் தந்ததை வீணாக்கவும் மாட்டாள். ஆகவே மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் பூசிக்கொள்வாள்.

மாதவிலக்கு நாட்களில் நம் பெண்கள் தொழுவதில்லை. எனக்குத் தொழுகை இல்லை என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஸுலைஹாவுக்கு அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது அந்தத் தோடம்பழத் தோல் மணம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். "நல்ல கெட்டிக்காரி நீ" என்று முதல் வருஷம் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். தொழுகைப் பாய் சுருட்டிக் கிடக்கிற நாட்களில் அவள் யன்னலோரம் உட்கார்ந்து பூவேலை தைப்பாள். நான் வேலை முடிந்து வரும்போது வீடு மல்லிகையாக இருக்கும். எங்களுக்கு அப்போது அது சந்தோஷமான மணம்தான்.

அடுத்த வருஷமும் போனது. ஊரிலிருந்து கேள்வி தொடங்கியது. கல்முனைத் தபால்கந்தோரில் காத்திருந்து மாமி தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரித்து முடித்ததும் ஒரே கேள்விதான்.

"மகள் முழுகாம இரிக்காளா மகன்?"

"இல்ல மாமி. இன்னும் இல்ல."

"சரி சரி. அல்லாஹ் தருவான். மறுகா எடுக்கிறன்."

அதற்குப் பிறகு அந்த வாசனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. சரியாகச் சொன்னால் பயம் வந்தது. காலையில் குளியலறைக் கதவு திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வெறும் சவுக்கார மணம் வந்தால் நெஞ்சு லேசாகும். தோடம்பழத் தோல் வந்தால், அந்த மாதமும் இல்லை. அவள் எதுவும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். நடுப்பகலில் அந்த மணம் பூவாக விரிகிற நேரம் அவள் வீட்டில் தனியாக இருப்பாள். திரும்பி வரும்போது அந்தப் பூக்கள் படிக்கட்டு வரை வந்து நிற்கும். தலையணையில் சந்தனம் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு ஆள் ஒரே சேதியை மூன்று தடவை சொல்கிற மாதிரி இருக்கும் எனக்கு. போத்தல் தீர்ந்தால் அவள் கேட்க மாட்டாள். ஆனால் நான் வாங்கி வைத்துவிடுவேன். வாங்காமல் விட்டால், நீ பூசுவதை நான் விரும்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும் அல்லவா?

கட்டிடத்தின் கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருந்தது. அந்த மனுசன் ஒரு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தன் பிள்ளைகளைப் பற்றிக் குறைபட்டார். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைச் சொல்லவே வெட்கப்படுகிறார்களாம். அவர் போன பிறகு ஸுலைஹா கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "எந்தப் பாஷைல ஏசினாலும் பரவால்ல. வீட்டுல ஒரு சத்தம் கேட்டாப் போதும்" என்றாள். அவள் அப்படி வெளிப்படையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

4

பிறகு ஒரு மாதம் வாசனை வரவில்லை.

கவனிக்காத மாதிரி இருந்தேன். ஆனால் முகம் கழுவும்போதெல்லாம் தட்டில் இருக்கிற போத்தலைப் பார்ப்பேன். அதில் மட்டம் இறங்கவில்லை. அடுத்த மாதமும் இறங்கவில்லை. வேலையில் பெட்டி தூக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாய், என்ன விஷயம் என்று அல்ஜீரியக் கூட்டாளி கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். வீட்டில் ஸுலைஹா வெங்காயம் தாளிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் வேலை உடுப்போடு கிட்டப் போனால் முகத்தைத் திருப்பினாள். மூன்று மாதம் தாண்டுமுன் வெளியே சொன்னால் கண்படும் என்று நம் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள், புருஷனிடம் கூட. நானும் பொறுத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பகல் அவள் போத்தலை ஒரு துணியால் சுற்றி எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"இத அலுமாரிக்கு மேல வையுங்க. மணம் ஒத்துக்குதில்ல."

நாற்காலியில் ஏறினேன். "இதுல வைக்கட்டா?"

"இன்னும் உள்ளுக்குத் தள்ளுங்க. சின்னப் புள்ளைகள்ட கை எட்டாத இடத்துல."

நான் நாற்காலியிலேயே நின்றேன். அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து அவள் தலையில் கை வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன இது, ஆம்பிளப் புள்ள" என்று அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

மாமிக்குச் சொன்னோம். மாமி பெண்பிள்ளைதான் என்று முடிவே கட்டிவிட்டார். நிந்தவூர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்துவிட்டார் என்று மாமா சொன்னார். ஊரில் அப்போது தமிழ், முஸ்லிம் குழப்பம் தொடங்கி, பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புப் பக்கம் போகவே ஆட்கள் யோசித்த காலம். அதற்குள்ளும் மாமிக்குச் சுண்ணாம்பு கிடைத்துவிட்டது.

நாலாவது மாதம் நிறைய முன்னால் ஒரு பகலில், நான் வேலையில் இருக்கும்போது, கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அம்புலன்ஸில் கொண்டு போய்விட்டார்கள், உடனே வைத்தியசாலைக்கு வா என்றார். போய்ச் சேரும்போது ஸுலைஹாவை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. ஒரு இளம் வைத்தியர் வந்து விரைவாகப் பேசினார். எனக்குப் பாதி விளங்கவில்லை என்று கண்டதும் பேனாவை எடுத்துத் தன் கையிலிருந்த காகிதத்தின் பின்பக்கம் ஒரு கொய்யாப்பழம் போல வரைந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதன் மேலே குறுக்காகக் கோடு போட்டார். பெட்டிகள் இறக்குகிறவனுக்கு அந்தக் கோடு விளங்கும். அது இனி வராத சரக்குக்குப் போடுகிற கோடு.

அவளுடைய உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்கு நான் எந்நாளும் நன்றி சொல்வேன். அந்த வைத்தியரின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பேட்டை மொரோக்கோக்காரரிடம் கேட்டேன். ரூஹு, அதாவது உயிர், ஊதப்படுகிற காலம் வரவில்லை, அடக்கத் தொழுகை தேவையில்லை, பெயர் வைக்கவும் தேவையில்லை என்றார். மார்க்கம் தெரிந்த மனிதர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஸுலைஹா பெயர் வைத்துவிட்டாள். என்ன பெயர் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அவளுக்குக் கண் தெளிந்த பிறகு எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தாதிமார் சொன்னால் அவளுக்கு விளங்காது. பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றதை எப்படிச் சொல்வது? கருப்பை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம். வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன்.

"ஸுலைஹா."

"ம்."

"இனி உனக்கு ஒரு மாசமும் தொழுகைய விடத் தேவ வராது, புள்ள."

அவள் என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. போர்வை மட்டும் அசைந்தது.

5

மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அல்லாஹ்ட நாட்டம்" என்றார். பின்னால் மாமியின் அழுகை கேட்டது. அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. மற்றவர்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஸுலைஹா தேறி, குளித்து, தொழத் தொடங்கினாள். ஐந்து வக்துத் தொழுகையில் ஒன்றும் தவறுவதில்லை. பாய் சுருட்டப்படுகிற நாட்கள் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. நோன்பு மாதம் முழுவதையும் ஒரு நாள் விடாமல் பிடிக்கிறாள். விலக்கு நாட்களில் விட்டுப் பிறகு கடனாக எடுத்துப் பிடிக்க ஒரு நோன்பும் மிஞ்சுவதில்லை. ஊரிலிருந்து வந்த ஒரு பெண், "உங்களுக்கென்ன ராத்தா, முழு நோன்பும் கிடைச்சிரிக்கி" என்று வாழ்த்தினாள். விஷயம் தெரியாதவள். ஸுலைஹா அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த வாசனை வராத ஒரு மாதத்துக்காக நான் எத்தனை தூரம் ஏங்கினேன்! இப்போது எந்த மாதமும் வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை போத்தல் உடைந்தபோது முதலில் வந்த தோடம்பழத் தோலில் பழைய பயம் எழும்பியது. பிறகு மெத்ரோவில் நிற்கும்போது மெதுவாகப் பூ விரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சட்டைக் கையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி யன்னலோரம் பூவேலை தைத்துக்கொண்டிருந்த நாட்கள் அப்படியே வந்து நின்றன.

ஞாயிறு பகல் அவள் கழுவிய உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் கழுவியும் முழங்கால் பக்கத்தில் சந்தனம் போகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அலுமாரிக்கு மேல இரிக்கிறத இறக்கித் தரட்டா? ராவைக்கு இஷாத் தொழுதிட்டுப் பூசு. விடியச் சுபஹுக்கு முந்திக் கழுவினாச் சரிதானே."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த மணம் உங்களுக்குப் புடிக்காதே."

"ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லோணுமா? நான் பூசியிரிக்கிற நாள்ல நீங்க வாசல்ல சப்பாத்துக் கழட்டச் சுணங்குவீங்க. உள்ளுக்கு வர மனமில்லாம நிப்பீங்க. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் புள்ள பூசின?"

"இந்த மாசமும் இல்லையெண்டு வாயால சொல்ல ஏலாம இரிந்திச்சி. அது சொல்லிச்சி."

"இப்ப அப்படிச் சொல்ல ஒண்டுமில்லயே. சும்மா ஆசைக்குப் பூசன்."

அவள் காற்சட்டையை மடியில் வைத்து, அந்த முழங்கால் பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள்.

"வேணா. அந்த மணம் வந்தா என்ட மனசு, சரி, இந்த மாசம் இல்லாட்டி அடுத்த மாசம் பாப்பமெண்டு சொல்லும். எத்தின வருசம் அப்படிச் சொல்லிப் பழகின மனசு. அதுக்கு நான் என்னத்தச் சொல்லி விளங்கப்படுத்துற?"

அஸர் தொழுகை நேரம் வந்திருந்தது. அவள் உடுப்பை என் கையில் தந்துவிட்டு, முகம் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனாள்.